படுவான்கரை மரங்களில் வாண்டா ஓர்க்கிட்

மட்டக்களப்பில் மரத்தின்மேல் பச்சையாக எது முளைத்தாலும் அதற்குக் கிடைக்கும் பெயர் குருவிச்சை. மாமரத்துக் கிளையிலோ புளியமரத்துக் கவட்டிலோ அப்படி ஒன்றைக் கண்டால், மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது, வெட்டி எறி என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். குருவிச்சையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அதே கத்திக்கு இன்னொரு செடியும் பலியாகிறது. தடித்த நீண்ட இலைகளும், பிடிமானம் இல்லாமல் வெளியே தொங்கும் வெண்சாம்பல் வேர்களும் கொண்ட காட்டு ஓர்க்கிட் அது. தாவரவியலில் அதன் பெயர் வாண்டா டெசெல்லாட்டா. இலங்கையின் உலர் வலயத் தாழ்நிலங்களுக்கு உரிய செடி. அதைப் பற்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வருகிறார்கள். இருந்தும் அது வாழும் ஊர்களில், அது மரத்துக்கு எந்தத் தீங்கும் செய்யாதது என்ற முதல் செய்திகூடப் பரவவில்லை. இதுவரை தெரிந்தவற்றை ஓரிடத்தில் திரட்டிப் பார்ப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதலில் நிலம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலோடு அதைச் சேர்க்கும் வாய்கள் பாலமீன்மடுப் பக்கத்திலும் தெற்கே கல்லாற்றிலும் உள்ளன. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை. ஆண்டு மழை 1,600 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். தொகையைப் பார்த்தால் குறைவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில், வாடைக்காற்றோடு வந்து கொட்டி முடிந்துவிடும். வைகாசி தொடங்கிப் பல மாதங்களுக்குக் கச்சான் காற்று மேற்கிலிருந்து வறட்சியை அள்ளி வரும். அந்த நாட்களில் வயல்வெளி வெடித்துக் கிடக்கும், கிணறுகள் கீழே போகும். மண்ணில் வேரூன்றிய மரங்களே இலை உதிர்த்துச் சமாளிக்கும் காலம் அது. மண்ணையே தொடாத ஒரு செடி அங்கே எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் இந்த ஆய்வின் மையக் கேள்வி.

மரத்தின்மேல் தங்கி, அதன் உடலிலிருந்து எதையும் எடுக்காமல் வாழும் தாவரங்களை மேலொட்டிகள் என்று நம் பாடநூல்கள் சொல்லும். தமிழ்நாட்டில் தொற்றுத் தாவரங்கள் என்பார்கள். 2021இல் வெளிவந்த உலகப் பட்டியல் ஒன்று 31,000க்கு மேற்பட்ட மேலொட்டி இனங்களைக் கணக்கிட்டது. கலனுள்ள தாவரங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. அவற்றில் மூன்றில் இரண்டுக்கு மேல் ஓர்க்கிட்டுகள். இந்தச் செல்வத்தின் பெரும்பகுதி முகில் தவழும் மலைக்காடுகளுக்கே உரியது. இலங்கையில் ஏறத்தாழ 190 ஓர்க்கிட் இனங்கள் உண்டு. அவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் சிங்கராஜவுக்கும் நக்கிள்ஸ் மலைக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் போகிறார்கள். கிழக்கின் சமவெளிக்கு அந்த ஆர்வத்தோடு வருகிறவர்கள் குறைவு. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தாங்கும் திறனை வைத்துப் பார்த்தால், வறண்ட சமவெளியில் வாழும் சில இனங்களே அதிகம் கற்றுத் தருபவை என்பது என் எண்ணம்.

வாண்டா டெசெல்லாட்டாவின் உடலமைப்பு எளியது. ஒரே தண்டு, அதன் நுனி மட்டும் ஆண்டுதோறும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகும். பல ஓர்க்கிட்டுகளுக்கு நீரைச் சேமித்து வைக்கும் போலிக்குமிழ் அடியில் இருக்கும். இதற்கு அது இல்லை. தண்டு பெரும்பாலும் அரை மீற்றர் அளவில் நிற்கும். இலைகள் இரண்டு வரிசையாக, ஒன்றின் அடியை மற்றொன்று தழுவி, எதிரெதிர்ப் பக்கம் வளைந்து செல்லும். ஓர் இலையைக் குறுக்கே வெட்டினால் ஆங்கில எழுத்து ‘வி’ வடிவம் தெரியும். நடுநரம்பு நெடுகிலும் மடிந்த, தோல்போலத் தடித்த இலை. அதன் நுனி ஒரே சீராக முடியாது. கடித்து எடுத்ததுபோல மேடுபள்ளமான பற்களோடு இருக்கும். பூவில்லாத காலத்தில் குருவிச்சையிலிருந்து இதைப் பிரித்தறிய இந்த நுனியும் வேரும் போதும். மடிந்த இலைக்கு ஒரு பயனும் உண்டு. சிறு தூறல் விழுந்தாலும் நீர் அந்த மடிப்பு வழியே ஓடித் தண்டை அடையும். அங்கிருந்து வேருக்கு வழியும்.

இந்தச் செடியின் வாழ்வு அதன் வேரில்தான் இருக்கிறது. மழையில்லாத நாளில் அந்த வேர் மங்கிய வெள்ளி நிறமாக, உயிரற்றது போலத் தோன்றும். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். வேரைச் சுற்றி வெலாமன் என்னும் உறை இருக்கிறது. அது பல அடுக்கு இறந்த கலங்களால் ஆனது. உள்ளே வெறும் காற்று. காற்று நிறைந்த கலங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வேர் வெள்ளையாகத் தெரிகிறது. நீர் புகுந்து காற்றை வெளியேற்றியதும் உறை ஒளிபுகும் நிலைக்கு வருகிறது; உள்ளேயிருக்கும் பச்சைக் கலங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. இந்த உறை நீரைப் பஞ்சுபோல் சில நொடிகளில் உறிஞ்சும், இழப்பதற்கோ மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழைத்துளிகள்தான் மரக்கிளைகளில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் கரைத்துக்கொண்டு இறங்குபவை. சத்து மிகுந்தது அந்த முதல் வழிவுதான். அதைத் தவறவிடாமல் பிடிப்பதற்கே வெலாமன் இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெலாமனுக்கு உள்ளே இருக்கும் பச்சை, பச்சையமே. வேரும் ஒளித்தொகுப்பு செய்கிறது. அதற்கு ஒளியும் காற்றும் வேண்டும். வேரை மண்ணில் புதைத்தால் இந்தச் செடி அழுகிச் சாகும். வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சட்டியில் எருவும் மண்ணும் போட்டு நட்டவர்கள் சில மாதங்களில் அதை இழப்பதற்குக் காரணம் இதுதான்.

நீரைப் பிடிப்பது ஒரு பாதி. பிடித்ததை வைத்திருப்பது மறு பாதி. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கும். கச்சான் வெயிலில் அப்படித் திறந்தால் உள்ளே இருக்கும் நீர் முழுவதும் ஆவியாகிப் போகும். வாண்டா இரவில்தான் இலைவாய்களைத் திறக்கிறது. எடுத்த வாயுவைக் கரிம அமிலமாக மாற்றிக் கலங்களுக்குள் வைத்துக்கொள்ளும். விடிந்ததும் வாய்களை மூடிவிட்டு, சேமித்த அமிலத்தைப் பிரித்து, சூரிய ஒளியில் சீனி ஆக்கும். அன்னாசியும் கற்றாழையும் இதே வழியைத்தான் கையாளுகின்றன. இந்த முறையில் வளர்ச்சி மெதுவாகவே நடக்கும். ஆனால் வாவிக்கரையின் ஆடி மாதத்தில் வேகமாக வளர்வது முக்கியமில்லை, காயாமல் இருப்பதே முக்கியம்.

இனி, மரத்தைக் கெடுக்கிறதா என்ற பழைய வழக்குக்கு வருவோம். குருவிச்சையின் வித்தில் பசை உண்டு. பூக்கொத்திக் குருவி பழத்தைத் தின்று வித்தைக் கிளையில் ஒட்டிவிடும். அது முளைத்ததும் பட்டையைத் துளைத்து, கட்டைக்குள் இறங்கி, மரத்தின் காழோடு தன் உறிஞ்சு உறுப்பை இணைக்கும். மரம் மேலே ஏற்றும் நீரையும் கனியுப்பையும் அங்கே வழிமறித்து எடுக்கும். கிளை வீங்கும், நுனி காயும். வாண்டாவில் இப்படிப்பட்ட உறிஞ்சு உறுப்பு கிடையாது. அதன் வேரைப் பட்டையிலிருந்து பெயர்த்துப் பார்த்தால் அடியில் பட்டை முழுசாக, துளை எதுவுமின்றி இருக்கும். வேர் பட்டையின்மேல் ஒட்டிப் படர்கிறது, அவ்வளவுதான். சிலர் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள்: பட்டுப்போன கிளைகளில்தானே இது அதிகம் இருக்கிறது, அப்படியானால் இதுதானே கிளையைக் கொன்றிருக்கும்? காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிவிடுகின்றன. பழைய கிளையில்தான் பட்டை சொரசொரப்பாகி, வெடித்து, வித்துத் தங்க இடம் தருகிறது. இலை குறைந்த கிளையில்தான் வெளிச்சம் விழுகிறது. வயதான கிளை தன் காலத்தில் காயும்போது அதன்மேல் ஓர்க்கிட்டும் இருக்கும். மேலொட்டிகள் பெருந்திரளாகச் சேர்ந்தால் பாரம் தாங்காமல் கிளை முறிவது மழைக்காடுகளில் நடப்பதுண்டு. மட்டக்களப்பின் வறண்ட மரங்களில் அந்த அளவுக்கு எதுவும் சேர்வதில்லை. இந்த வழக்கில் வாண்டா குற்றமற்றது என்பதே தாவரவியலின் முடிவு.

பூவைச் சொல்லாமல் போக முடியாது. இலைக் கக்கத்திலிருந்து நிமிர்ந்தெழும் தண்டில் ஐந்து முதல் பத்துப் பூக்கள் வரை, கீழிருந்து மேலாக மலரும். ஒவ்வொன்றும் 4, 5 சென்ரிமீற்றர் அகலம். இதழ்களின் பின்புறம் தூய வெள்ளை. முன்புறம் மஞ்சள் கலந்த பச்சை அல்லது சாம்பல் நீலம். அதன்மேல் தவிட்டு நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் போட்டிருக்கும். ‘டெசெல்லாட்டா’ என்ற இனப்பெயர் இந்தக் கட்டங்களையே குறிக்கிறது. விளிம்பு சற்று அலைபோல் நெளியும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டிதழ் நீலமும் ஊதாவும் கலந்த நிறம். அதன் பின்னால் குட்டையான கூம்பு வடிவக் குழல். நறுமணம் உண்டு. ஓர்க்கிட்டுகளில் மகரந்தம் தூளாகப் பறக்காது. முழு மகரந்தமும் இரண்டு கெட்டியான திரள்களாகி, ஒரு பசைத் தட்டோடு இணைந்திருக்கும். உள்ளே நுழையும் பூச்சியின் உடலில் அந்தத் தட்டு ஒட்டிக்கொள்ள, திரள் முழுசாக அடுத்த பூவுக்குப் போகும். ஒரே ஒரு வெற்றிகரமான வருகையில் ஒரு காய் முழுவதற்கும் வேண்டிய மகரந்தம் சேர்ந்துவிடும். வருகை தவறினால் ஒன்றுமே இல்லை.

காய் நீண்டது, விலா விளிம்புகள் புடைத்தது. வெடித்தால் தூசியைவிட நுண்ணிய வித்துகள் பெருந்தொகையாய்ப் பறக்கும். காற்றில் வெகுதூரம் போகட்டும் என்று இயற்கை வித்தை இலேசாக்கியபோது அதன் உணவுப் பையைப் பிடுங்கிக்கொண்டது. நெல்லில், பயற்றில் இருப்பதுபோல முளைக்கு வேண்டிய சேமிப்பு இந்த வித்தில் இல்லை. அது முளைப்பதற்கு ஒரு குறிப்பிட்ட பங்கசு வந்து, வித்துக்குள் புகுந்து, உணவு ஊட்ட வேண்டும். 1899இல் பிரான்ஸ் நாட்டவரான நோயல் பெர்னார் வேறோர் ஓர்க்கிட்டில் இந்த உறவைக் கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சீனி கலந்த கூழில் பங்கசு இல்லாமலேயே வித்துகளை முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். இன்றைய ஓர்க்கிட் வணிகம் முழுவதும் அந்த முறையின்மேல் நிற்கிறது. ஆனால் காட்டில் சீனிக் கூழ் இல்லை. அங்கே வித்து விழும் பட்டையில் ஏற்கெனவே அந்தப் பங்கசு இருந்தாக வேண்டும். பட்டை உரியாததாகவும், ஈரம் சில நாள் நிற்கும் வெடிப்புள்ளதாகவும் இருந்தாக வேண்டும். முளைத்த பிறகும் பூக்கும் பருவத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு செடியைப் பிடுங்கி எறிய ஒரு நிமிடம் போதும். அந்த இடத்தில் இன்னொன்று வருவதற்கு இத்தனை நிபந்தனைகள்.

அறிவியல் வரலாற்றில் இந்தச் செடிக்குத் தனி இடம் உண்டு. 1795இல் வெளிவந்த கல்கத்தா ஆசியக் கழக வெளியீட்டில் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியிலிருந்து எடுத்த வாண்டா என்ற பெயரால் இதை விவரித்தார். அதே ஆண்டு, சோழமண்டலக் கரையில் நெடுநாள் வேலை செய்த வில்லியம் ரொக்ஸ்பர்க், அக்கரையின் தாவரங்களைப் பற்றிய தன் பெருநூலில் இதற்கு எபிடென்ட்ரம் டெசெல்லாட்டம் என்று பெயரிட்டார். 1820இல் ரொபர்ட் பிரவுண் வாண்டா என்ற பேரினத்தை நிறுவியபோது மாதிரியாக நின்றது இதே செடிதான். இப்போதைய பெயர் 1830 முதல் வழங்குகிறது. தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் பண்ணைகளில் விளைந்து உலகச் சந்தைக்குப் போகும் வாண்டா மலர்கள் அனைத்துக்கும் பேரினப் பெயரைக் கொடுத்தது, நம் வறண்ட கரைகளில் வளரும் இந்தச் சிறிய பூ. இலங்கைத் தாவரங்களைப் பொறுத்தவரை, பேராதனையில் ஹென்றி ட்ரைமன் தொடங்கிய கைநூலின் 4ஆம் தொகுதி, அவர் மறைந்தபின் ஜோசப் ஹூக்கரின் கையால் 1898இல் முடிந்து வெளிவந்தது. ஓர்க்கிட்டுகள் அதில் இடம்பெற்றன. 1981இல் ஜயவீர ஓர்க்கிட்டுகளுக்கென்றே ஒரு முழுத் தொகுதி எழுதினார். அடித்தளம் வலுவானதுதான். ஆனால் இவையெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படுவான்கரை மாணவன் ஒருவன் தன் ஊர் ஓர்க்கிட்டை அடையாளம் காணத் தமிழில் படங்களோடு ஒரு கையேடு வேண்டும்.

வாண்டா தனியாக வாழ்வதில்லை. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரிய டப்ரபேனியா ஸ்பதுலாட்டா அதன் நெருங்கிய உறவு. பொன்மஞ்சள் பூவும், செடிகொடிகளுக்குள் நீண்டு ஏறும் தண்டும் உடையது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ரிக் வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார்த் தாவர நூலில் ‘பொன்னாம்பு மரவாரா’ என்று பதிவானது இதுவே. பன்னங்களில் டிரினேரியா குவெர்சிஃபோலியா வேறோர் உத்தியைக் கையாளுகிறது. கொல்லிமலைப் பக்கம் முடவாட்டுக்கால் என்று சூப்புக்கு விற்கும் கிழங்கு இதன் தண்டுதான். இதற்கு இருவகை இலைகள். ஒருவகை குட்டையாக, பழுப்பாகக் காய்ந்தும் விழாமல் தண்டை அணைத்து நின்று, உதிரும் சருகைப் பிடித்து மக்கவைக்கும். மற்றது பச்சையாக நீண்டு வளர்ந்து, வறட்சியில் உதிர்ந்துபோகும். பன்னம் மரத்தின்மேலேயே தனக்கு மண் செய்துகொள்கிறது. வாண்டா மண்ணே வேண்டாம் என்று வாழ்கிறது.

மருத்துவப் பயனைப் பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். வட இந்திய ஆயுர்வேதத்தில் ராஸ்னா என்ற மருந்துச் சரக்காக இதன் வேர் சில பகுதிகளில் விற்கப்படுகிறது; வாதத்துக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் அதே பெயரில் வேறு செடிகளும் விற்பனையாகின்றன. தென்னாட்டில் அந்த இடத்தைச் சித்தரத்தை பிடித்திருக்கிறது. எலிகளில் செய்த ஆய்வுகள் சில வெளிவந்துள்ளன. அவற்றைக் கொண்டு மனிதருக்கு மருந்து என்று சொல்லத் துணிவது சரியல்ல. பண்ணையில் வளரும் சித்தரத்தை சந்தையில் கிடைக்கும்போது காட்டு ஓர்க்கிட்டின் வேரைப் பிடுங்குவதற்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை.

உண்மையான ஆபத்து மரங்கள் குறைவதே. மா, புளி, இலுப்பை போன்ற சொரசொரப்பான பட்டையுள்ள பெருமரங்கள்தான் இதற்கு ஏற்ற இருப்பிடம். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது. தென்னந்தோட்டங்களையும் பெருமரங்களையும் ஒரே இரவில் சாய்த்தது. அதைக் கண்டவர்கள் இன்றும் தங்கள் வயதை அந்தப் புயலை வைத்துச் சொல்வார்கள். அடுத்து வந்த போர்க்காலத்தில் வீதியோர மரங்கள் பாதுகாப்பின் பேரால் வெட்டப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எழுவான்கரையை அள்ளியது. பின்னர் வந்த மீள்கட்டுமானத்திலும் வீதி அகலிப்பிலும் எஞ்சிய முதுமரங்கள் பல போயின. நட்ட மரங்கள் இல்லாமலில்லை. ஆனால் யூக்கலிப்டஸ் இதற்கு உதவாது. யூக்கலிப்டசின் பட்டை உரிந்துகொண்டே இருக்கும். ஐம்பது ஆண்டு வயதான இலுப்பை ஒன்று விழுந்தால், அதன் இடத்தில் நூறு கன்றுகளை வைத்தாலும் அடுத்த தலைமுறை வரை இந்த ஓர்க்கிட்டுக்கு அங்கே வீடில்லை. குளக்கட்டுகளிலும் கோயில் வளவுகளிலும் நிற்கும் பழைய மரங்களின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. கொக்கட்டிச்சோலை, மண்டூர் போன்ற பழைய கோயிலூர்களின் வளவு மரங்களில் என்னென்ன மேலொட்டிகள் உள்ளன என்று ஒரு முறையான கணக்கெடுப்பு செய்தால் அது அறிவியலுக்குப் பெரிய சேவையாக இருக்கும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செய்வதற்கு ஆட்களும் உண்டு.

சட்டம் ஓரளவுக்குத் துணை நிற்கிறது. உலகின் ஓர்க்கிட் இனங்கள் அனைத்தும், அழிவாபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வருகின்றன. இலங்கை 1979இல் அதில் சேர்ந்தது. அனுமதியின்றி நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. உள்நாட்டில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஒதுக்கக் காடுகளில் செடி பிடுங்குவது குற்றம். ஆனால் வாண்டாவில் பெரும்பகுதி வளவுகளிலும் வயலோரங்களிலும் வீதிகளிலும் நிற்கும் மரங்களில் இருக்கிறது. அங்கே சட்டத்தின் கை எட்டுவது கடினம். எட்டக்கூடியது வளவுக்காரரின் கைதான்.

ஆகவே அவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். மரத்தில் உள்ளது குருவிச்சையா ஓர்க்கிட்டா என்று கத்தி எடுப்பதற்கு முன் பாருங்கள். வெள்ளை வேர் வெளியே தொங்கினால், இலை நுனி கடித்ததுபோல் இருந்தால், விட்டுவிடுங்கள். நிற்கும் மரத்திலிருந்து எடுத்து வீட்டுச் சட்டியில் வைக்காதீர்கள், அது பிழைக்காது. உங்கள் வளவில் மரம் விழுந்துவிட்டாலோ வெட்டியே ஆகவேண்டியிருந்தாலோ மட்டும், வேர்களை முறிக்காமல் பட்டைத் துண்டோடு எடுத்து, பக்கத்தில் நிற்கும் மாவிலோ புளியிலோ காலை வெயில் படும் கிளையில் தும்புக் கயிற்றால் கட்டுங்கள். மண் வைக்க வேண்டாம், எரு வேண்டாம். புரட்டாசிக் கடைசியில் கட்டினால், தொடர்ந்து வரும் வாடை மழையில் புதிய வேர் விட்டுப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும்.